வயித்தக்காவின் ஆறாம் மாதம்

சினிமாவில் கர்ப்பம் என்பது தையல் வேலை. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாமல் இருப்பதுதான் எங்கள் சாமர்த்தியம். ஸ்டுடியோவின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி எங்கள் தையல் அறை. நாலு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஓரம் கருகிப்போன ஒரு இஸ்திரிப் பலகை. எங்கள் ஊர்க் கதாநாயகிகள் எல்லாரும் கர்ப்பமானது அங்கேதான். ஆக்கிவிட்டது ஒரே ஆள், வயித்தக்கா.

அறையில் என்னைக் கத்திரி என்று கூப்பிடுவார்கள். துணி வெட்டுகிறவள் என்பதால்தான் அந்தப் பெயர் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். மற்றவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். அவர்கள் கிடக்கிறார்கள்.

மற்ற கம்பெனிகளில் ஒரு தலையணையை மடித்துக் கட்டி நடிகையை அனுப்பிவிடுவார்கள். அவளும் நிறைமாத வயிற்றோடு மாடிப்படியில் துள்ளிக் குதித்து இறங்குவாள். டைரக்டரும் ஓகே சொல்லிவிடுவார். வயித்தக்காவுக்கு அதெல்லாம் ஆகாது. பனியன் துணியில் உறை, உள்ளே ஸ்பாஞ்ச், அதற்கு மேல் பஞ்சு, அடிவயிற்றுப் பக்கம் சின்னச் சின்னப் பைகளில் கழுவிக் காயவைத்த மணல். தோளில் இரண்டு பட்டை, முதுகில் குறுக்கே ஒன்று. நாலாம் மாதத்துக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தைப்பாள். "ஏங்க்கா இவ்ளோ வெயிட்டு, முதுகு ஒடியுது" என்று நடிகைகள் சிணுங்குவார்கள். "ஒடியட்டும். அப்பதான் கை தானா இடுப்புக்குப் போகும். நீ தனியா நடிக்க வேணாம் பாரு" என்பாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொன்னவுடன் ஐயோ பாவம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு முறை உண்டானாள். இரண்டும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டு முறையும் லீவு முடிந்து வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, எவளோ ஒருத்திக்கு ஏழாம் மாதம் தைத்தாள். மனசு கல்லா என்று கேட்காதீர்கள். வேலை இருந்தது, செய்தாள்.

அவள் வீட்டுக்காரர் லைட்மேன். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுவார், அம்மா முன்னால் மட்டும் ஒரு ஓரமாக நின்றுகொள்வார். அந்த அம்மா, அதாவது வயித்தக்காவின் மாமியார், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக் கொடுத்தே காலம் போனவர். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

தத்தெடுக்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்து, குழந்தைகள் இல்லத்தில் பதிவு செய்து வைத்தார்கள். நெடுநாள் கழித்து இல்லத்திலிருந்து தகவல் வந்தது. பிறந்து சில நாளே ஆன ஒரு பெண் குழந்தை. உடம்பு தேறவும் சட்டப்படியான வேலைகள் முடியவும் சில மாதம் ஆகும், அதுவரை காத்திருங்கள் என்றார்கள். போட்டோ காட்டினார்கள். மறுநாள் வேலைக்கு வந்த வயித்தக்கா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், வெட்டு மேசைக்கு அடியில் கிடந்த மிச்சத் துணிகளைப் பொறுக்கி, கையளவில் சின்னச் சின்னச் சட்டைகளாகத் தைக்க ஆரம்பித்தாள். நான்தான் போட்டு உலுக்கி விஷயத்தை வாங்கினேன்.

மாமியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னது வேறு.

"பிள்ளை வரட்டும், நானே குளிப்பாட்டறேன். ஆனா தெருவுக்குத் தெரியக் கூடாது. வார்டுல எத்தனை பாத்திருக்கேன். பெத்தவளுக்கே ஆயிரம் பேச்சு. வாங்கின பிள்ளைன்னு தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? நாளைக்கு அது பள்ளிக்கூடம் போறப்போ எவளாவது மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா, அந்தப் பிஞ்சு தாங்குமா? நீதான் ஊருக்கெல்லாம் வயிறு தைக்கறவளாச்சே. உனக்கு ஒண்ணு தைச்சுக்கிட்டா என்ன? பிரசவத்துக்குன்னு வெளியூர் போய்ட்டுக் கொஞ்ச நாள் கழிச்சுப் பிள்ளையோட வந்தா, மாசக் கணக்கு யாருக்குத் தெரியப் போகுது?"

வயித்தக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். கையில் போட்டோ இருந்தது. அந்தக் குழந்தை வீட்டுக்குள் வர இதுதான் வழி என்றால் இதையும் செய்துவிட்டுப் போகிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். இந்த வயிற்று விஷயம் எனக்குத் தெரிந்தபோது நாலாம் மாதம் கட்டியாகிவிட்டது.

அதற்குப் பிறகு தையல் அறையில் நடந்த கூத்தைக் கேட்காதீர்கள். காலையில் வீட்டிலிருந்து கர்ப்பிணியாக வருவாள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். அறைக்குள் வந்து கதவைச் சாத்தி, பட்டைகளை அவிழ்த்து, வயிற்றைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு மெஷினில் உட்காருவாள். "என்னம்மா, சுகப் பிரசவமா?" என்பார் மாஸ்டர். எங்கள் அறைக்குத் தலைவர் அவர். தினமும் அதே ஜோக். சாயங்காலம் விளக்கை அணைக்கும்போது மறுபடியும் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நடந்து போவாள். அந்த நடை நடிப்பில்லை. தனக்குத் தைத்ததிலும் மணலைக் குறைக்கவில்லை, மகராசி.

"சும்மா பஞ்சு மட்டும் வெச்சா ஆகாதா? யார் வந்து தூக்கிப் பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வந்த படம் ஒன்று. கல்யாணமாகாத ஒரு சின்னப் பெண் பிள்ளை பெற்றுக் கொடுத்துவிட்டுப் போகிறாள், இன்னொருத்தி எடுத்து வளர்க்கிறாள், இரண்டு பேருக்கும் நடுவில் கதை. பெற்றவளாக நடிக்கிற பெண்ணுக்குத்தான் வயிறுகள். அவள் அளவு கொடுக்க வந்தபோது ஆறாம் மாத வயிற்றைக் கட்டிவிட்டு வயித்தக்கா பத்தடி நடக்கச் சொன்னாள். அந்தப் பெண் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

"அப்படி இல்லம்மா. இவ மறைக்கறவ. தோளைக் குறுக்கிக்கிட்டு நட. துப்பட்டாவை முன்னாடி இழுத்து விடு. எதிர்ல யாராவது வந்தா பையை வயித்துக்கு முன்னாடி பிடி."

அந்தப் பெண் நடந்து காட்டியது. வயித்தக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள், ஊசியில் நூல் கோக்கவே இல்லை. அந்தப் பெண் போன பிறகு என்னிடம் சொன்னாள்.

"என் பிள்ளைக்கும் பெத்தவ ஒருத்தி இருக்கால்ல, கத்திரி. அவளும் இப்படித்தான் நடந்திருப்பா. இருக்கறதை மறைச்சு மறைச்சு நடந்திருப்பா. நான் என்னடான்னா இல்லாததைக் காட்டிக்கிட்டு நடக்கறேன். அவ சுமந்ததுக்கு நான் பேர் வாங்கிக்கறேன். அசிங்கமா இருக்குடி."

"அப்ப கழட்டிப் போடு."

"கழட்டினா குழந்தை வராதே."

நான் வெட்டு மேசைக்குத் திரும்பி, அடுத்த துணியை வெட்ட ஆரம்பித்தேன்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். அந்தப் படத்துக்கான ஒன்பதாம் மாத வயிற்றைக் கடைசித் தையலுக்காக வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள், அதை வாங்கிக்கொண்டு வருவது என் வேலை. கூடத்தில் தெருப் பெண்கள் மூன்று பேர் பழப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் உண்டாயிருக்கிற பெருமையை மாமியார் தெரு முழுக்கச் சொல்லி வைத்ததன் பலன். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, எதைத் தின்னலாம் எதைத் தின்னக் கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வயித்தக்கா ஆறாம் மாதத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். லைட்மேன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாசலில் வந்து நின்றார் இல்லத்து மேடம். குழந்தையைக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டை ஒரு தடவை சொல்லாமல் வந்து பார்ப்பது அவர்கள் வழக்கமாம். வழக்கம் என்றால் முன்கூட்டியே சொல்லித் தொலைக்க வேண்டாமா என்று எனக்கு இப்போதும் கோபம். சொல்லிவிட்டு வந்தால் அது சொல்லாமல் வருவது இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மேடம் வயித்தக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். கண் கீழே இறங்கியது. சிரிப்பு அப்படியே நின்றது.

"சினிமாக் கம்பெனி மேடம்" என்று மாமியார் தெருப் பெண்களைப் பார்த்து அவசரமாகச் சொன்னார். மேடம் விவரமானவர், மறுத்துப் பேசவில்லை. "கொஞ்சம் உள்ள போய்ப் பேசலாமா?" என்றார். உள்ளறைக்குப் போனோம். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, அதனால் என்ன?

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் மேடம், சந்தோஷமே இல்லாத குரலில். "உங்களுக்கே ஒண்ணு வரப்போகுது. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காத்துக்கிட்டு இருக்கற வேற ஜோடிங்களும் இருக்காங்க இல்லையா?"

"ஐயோ மேடம், இது வயிறு இல்ல. நான் தைச்சது."

மேடம் நம்பவில்லை. யார் நம்புவார்கள்? வயித்தக்கா அவர் கையைப் பிடித்து வயிற்றின்மேல் வைத்தாள். காலையிலிருந்து கட்டியிருந்ததில் சூடு ஏறி இருந்தது, மணல் கனம் வேறு. மேடம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "குழந்தை வேணாம்னா நேரா சொல்லுங்க, விளையாடாதீங்க." இத்தனை நாளில் அவள் தைத்ததிலேயே நல்ல வயிறு அதுதான். அதுவே அவளுக்கு எமனாக வந்து நின்றது. நான்தான் அங்கே பையில் இருந்த ஒன்பதாம் மாதத்தை எடுத்து மேடத்தின் மடியில் வைத்தேன். அவர் அதை அமுக்கிப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இது யாருக்காக?"

"தெருவுக்காக" என்றார் லைட்மேன். அம்மா முன்னால் அவர் வாய் திறந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மாமியார் தன் பக்கத்துக் காரணங்களை எடுத்து வைத்தார். பள்ளிக்கூடம், பிஞ்சு, எவளோ ஒருத்தியின் வாய். மேடம் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்க பயம் எனக்குப் புரியுது பெரியம்மா" என்றார். "ஆனா இந்தக் குழந்தைகிட்ட உண்மையச் சொல்லித்தான் வளப்போம்னு இவங்க எங்ககிட்ட வாக்கு கொடுத்திருக்காங்க. ஊருக்கு மறைக்கற வீட்டுல குழந்தைக்கு மட்டும் எப்படிச் சொல்லுவீங்க? என்னைக்காவது ஒரு நாள் அதுக்குத் தெரியும். தெரியறப்போ, வெக்கப்பட வேண்டிய விஷயம்னுதான் மறைச்சாங்கன்னு நினைச்சுக்கும். என்னால இங்க கொடுக்கச் சொல்லி எழுத முடியாது." எழுந்துவிட்டார்.

மேடம் கதவுப் பக்கம் போவதற்கு முன்னால் வயித்தக்கா போனாள். நேராகக் கூடத்துக்கு. நடுவில் நின்று, மூன்று பெண்களும் பார்க்க, ரவிக்கைத் தோளில் கை விட்டு ஒரு பட்டையை அவிழ்த்தாள், அடுத்ததை அவிழ்த்தாள், முதுகுப் பட்டை மட்டும் வரவில்லை. "கத்திரி, கொஞ்சம் இழுத்து விடு" என்றாள். இழுத்தேன். புடவைக்கு அடியிலிருந்து ஆறு மாதத்தையும் உருவி எடுத்து, பழத்துக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தாள்.

எதிர்வீட்டுக்காரி "அடியாத்தீ!" என்று எழுந்தே விட்டாள்.

"எனக்குப் பிள்ளை தங்கல. ரெண்டு தடவை போயிடுச்சு, அது உங்க யாருக்கும் தெரியாது" என்றாள் வயித்தக்கா. குரல் உயரவில்லை. "நாங்க ஒரு பொண்ணைத் தத்தெடுக்கறோம். இன்னொருத்தி பெத்த பொண்ணு. இதுதான் விஷயம். இதுல யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேளுங்க, என்னைக் கேளுங்க. என் பொண்ணைக் கேக்காதீங்க."

ஒருத்தி பழப் பையை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் கையில் எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மாமியார் உள்ளறையை விட்டு வெளியே வரவே இல்லை.

இதோடு மேடம் மனம் இளகி, குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார் என்று முடித்தால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். சினிமாவில் அப்படித்தான் முடிப்பார்கள். மேடம் வாசலில் நின்று சொன்னது இது. "நீங்க கழட்டினதைப் பாத்தேன். அதையும் எழுதுவேன். ஆனா இத்தனை நாள் கட்டியிருந்ததையும் எழுதித்தான் ஆகணும்." எழுதினார். அந்தக் குழந்தை வேறு ஒரு வீட்டுக்குப் போயிற்று.

குழந்தை வேறு வீட்டுக்குப் போகப்போகிறது என்று தகவல் வந்த அன்றைக்கு வயித்தக்கா வேலைக்கு வந்தாள். தைத்து வைத்திருந்த குட்டிச் சட்டைகளை இஸ்திரி போட்டாள், ஒவ்வொன்றாக மடித்தாள், இல்லத்துக்குக் கொண்டுபோய், அந்தக் குழந்தை போகும்போது கூடக் கொடுத்துவிடுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். "அந்தக் கிழவியாலதானே இவ்வளவும்" என்று கத்தினேன்.

"கட்டினது நான்தானே" என்றாள் அவள். அதற்குமேல் பேச விடவில்லை.

அந்தப் படத்து வேலை முடிந்தது. வேறு படங்கள் வந்தன. வீட்டில் மாமியார் மருமகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். தெரு சும்மா இருக்குமா? கொஞ்ச நாள் மென்று தின்றது. காய்கறிக் கடையில் ஒருத்தி "என்ன, உங்க மருமக இப்ப எத்தனாவது மாசம்?" என்று கேட்டுச் சிரிக்க, மாமியார் எடுத்த தக்காளியை அப்படியே போட்டுவிட்டு வந்தாராம். பிறகு தெருவுக்கு வேறு கதைகள் கிடைத்தன, எப்போதும் கிடைக்கும். லைட்மேன்தான் மாறிப்போனார். அவரே இல்லத்துக்கு நடையாய் நடந்தார். எங்களைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடாதீர்கள், இப்போது தெரு முழுக்கத் தெரியும், வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அடுத்த வருஷம் மேடமே கூப்பிட்டார். கைக்குழந்தை இல்லை. மூன்று வயது தாண்டிய பெண். ஓடும், கேள்வி கேட்கும், பெற்றவளோடு இருந்த நாட்கள் அதற்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது, ராத்திரியில் அம்மா என்று தேடும். பெரும்பாலானவர்கள் இப்படிப்பட்ட பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். லைட்மேன் யோசிக்கவே இல்லை, பெண்டாட்டியைக் கூடக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வயித்தக்கா அவரைப் பற்றி என்னிடம் பேசியபோது முகத்தில் புதுப் பெண்டாட்டிக் களை. நான் கிண்டல் செய்தேன், செய்யாமல் எப்படி?

பல தடவை போய்ப் பார்த்துப் பழகினார்கள். "புது அம்மா, புது அப்பா" என்று கூப்பிட இல்லத்து ஆயாக்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டது. மாமியார் ஒரு தடவையும் போகவில்லை. கேட்டதற்கு முழங்கால் வலி என்றார். உள்ளே என்ன ஓடியதோ, யார் கண்டது? அந்தப் பிள்ளையைத் தன் வீட்டுப் பிள்ளையாக அவர் ஒப்புக்கொள்வாரா என்பது வயித்தக்காவுக்கே தெரியவில்லை. "அவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டா அது புரிஞ்சுக்கும், கத்திரி. அந்த வயசுக்கு எல்லாம் புரியும். அதுதான் எனக்குப் பயம்" என்றாள்.

கூட்டிக்கொண்டு வந்த அன்று நானும் ஆட்டோவில் இருந்தேன். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை, எல்லா வாசலிலும் ஆள். துணி காயப்போடுகிற மாதிரி ஒருத்தி, தண்ணீர் தெளிக்கிற மாதிரி ஒருத்தி, எதிர்வீட்டுக்காரிக்கு அந்த நடிப்பும் கிடையாது, சும்மா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். மாமியார் வாசல்படியில் நின்றிருந்தார். கட்டியிருந்தது இஸ்திரி போட்ட புடவை. முகத்தில் ஒன்றும் இல்லை.

குழந்தை தானாகவே இறங்கியது. யார் கையையும் பிடிக்கவில்லை. நேரே படிவரை போய், அண்ணாந்து பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டது.

"நீங்கதான் என் புதுப் பாட்டியா?"

துணி காயப்போட்டவள் கை அப்படியே நின்றது. மாமியார் குழந்தையைப் பார்த்தார். நிமிர்ந்து தெருவைப் பார்த்தார், ஒரு வாசல் விடாமல். பிறகு, பிரசவ வார்டில் கூட்டத்தை விலக்கிப் பழகிய அதே குரலில் சொன்னார்.

"ஆமாடி கண்ணு. இன்னைக்குத்தான் ஆனேன்."

"சரி" என்றது குழந்தை. "எனக்கு ஒண்ணுக்கு வருது."

முழங்கால் வலி எங்கே போயிற்றோ, குனிந்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் வயித்தக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள். லைட்மேன் துணிமூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். ஏன் அழுகிறாய் என்று அந்தத் தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை.